பேனரில் அழித்த கைகள்

என் செல்லச் சீனு,

இந்த நேரத்தில் எழுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஊர் அடங்கின பிறகுதான் எனக்கு எழுத நேரம் கிடைக்கிறது. உன் மாமா இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அப்பு என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறான். இழுத்தால் விழித்துக்கொள்வான் என்று அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்று நகர்ந்தால் போதும், ஜன்னல் கம்பி அதிர்கிறது.

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் இதை ஒளித்து வைக்கப்போவதில்லை, பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். ஊர் கேட்கட்டும். அவனும் கேட்கட்டும். உன் முதுகில் ஊசி போட்டவனைத்தான் சொல்கிறேன். அவனை டாக்டர் என்று எழுத என் பேனா மறுக்கிறது.

முதலில் உன் மருமகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ போகும்போது அவன் என் வயிற்றில் இருந்தான். நீ வயிற்றின் மேல் கை வைத்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிக்கு அலைய வேணாம்கா. என் மடி எப்பவும் ரெடியா கீது. எங்கயும் எழுந்து போவாது." நீயே சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். சக்கர நாற்காலி குலுங்கும்படி சிரித்தாய். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

காதுகுத்தன்று வேறு யார் மடியிலும் அவனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. உன் நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, பட்டுத் துணி விரித்து, அதில்தான் உட்கார வைத்துக் குத்தினோம். எல்லோரும் கண் கலங்கினார்கள். நல்ல காரியம் செய்ததாகத்தான் நானும் நினைத்தேன். இப்போது அந்த போட்டோவைப் பார்க்க முடியவில்லை, சீனு. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் அப்பு தரையிலிருந்து எழுந்திருக்கும் விதம் எனக்குத் தெரிந்த விதம். முதலில் கவிழ்ந்து கையை ஊன்றுகிறான். பிறகு முழங்காலைப் பிடிக்கிறான். பிறகு தொடையைப் பிடித்துப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏணி ஏறுவது போல ஏறி நிமிர்கிறான். நீயும் அப்படித்தான் எழுவாய். "தம்பி பாரு, எவ்ளோ ஸ்டைலா எழுந்துக்கிறான்" என்று நான் உன்னைக் கேலி செய்த வயசுதான் இப்போது அவனுக்கு. அவனுடைய கெண்டைக்கால் உன்னுடையதைப் போலவே கொழுத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் "பையன் ஃபுட்பால் ஆடுவான் போல" என்கிறார்கள். நான் அவன் டவுசரைக் கீழே இழுத்துவிடுகிறேன்.

ரத்தப் பரிசோதனை செய்தோம். அதுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். தசைச்சிதைவு நோய், மரபணுவில் பிசகு, அம்மா சுமப்பாள், மகனுக்கு வரும் என்று எனக்கு விளக்கினார். "உங்க தப்பு இல்லம்மா, உங்க அம்மா தப்பும் இல்ல" என்று அவர் சொன்னபோது நான் அழவில்லை. பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள்; பாடத்தில் படித்து மார்க் வாங்கின விஷயம். அது இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுத் தரையில் கையை ஊன்றி எழுந்து நிற்கிறது.

"ஸ்டெம் செல்லுன்னு சொல்றாங்களே மேடம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. உனக்கு நடந்ததெல்லாம் தெரிந்த நானே கேட்டேன் என்றால், தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அத வெச்சு இந்த நோய் குணமாகும்னு யாரும் நிரூபிக்கல. இன்னொரு பக்கம் மரபணுவையே சரிபண்ணப் பாக்கிறாங்க. வெளிநாட்டுல சோதனை நடக்குது. பொய்யில்ல. ஆனா இன்னும் சோதனைதான். நம்ம ஊருக்கு எப்ப வரும், வந்தாலும் உங்களையும் என்னையும் மாதிரி ஆளுங்க கைக்கு எட்டுமா, எனக்குத் தெரியாது. இப்போதைக்கு மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு. கொஞ்சம் தள்ளிப்போடும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நிஜமான சோதனைக்கு உங்ககிட்ட காசு கேக்க மாட்டாங்க. என்ன செய்யறோம்னு உங்க பாஷையில சொல்லுவாங்க. பாதியில வேண்டாம்னு எழுந்தா விடுவாங்க. ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு அவங்களோடது. இதுல ஏதாவது குறைஞ்சுதுன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுங்க."

உனக்கு இதில் எது இருந்தது, சீனு? நகை விற்றுத்தானே காசு கட்டினோம்? ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். நான் படிக்கக் கேட்டேன். "ரொட்டீன்தான் மேடம், பின்னாடி ஆளு நிக்கிது பாருங்க" என்று வரவேற்பிலிருந்த பெண் மேஜையிலிருந்து உருவிக்கொண்டாள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, கழுவி, முதுகெலும்புக்குள் திரும்ப ஏற்றுவோம், செத்த தசை விதை போட்ட மாதிரி முளைக்கும் என்று அவன் சொன்னான். எங்கே கழுவினான், எதில் கழுவினான், யார் பார்த்தார்கள்?

பயிற்சிக்கு அப்புவைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில்தான் உன்னைத் திரும்பப் பார்த்தேன்.

பரிமளா என்று ஒருத்தி. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் இருக்கிறாள். அவள் மகனுக்கும் இதே நோய், நடை நின்றுவிட்டது. காத்திருக்கும்போது பையிலிருந்து வழவழப்பான ஒரு விளம்பரத் தாளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"சிஸ்டர், இத்த பார்த்தியா? நம்ம பசங்களுக்கு மருந்து கீதாம். இந்தப் பையன் சேர்ல கெடந்தவனாம். இப்ப இன்னா ஜோரா நிக்கிறான் பாரு."

நீ நின்றுகொண்டிருந்தாய். கறுப்புக் கண்ணாடி, சிவப்புச் சட்டை, இடுப்பில் ஒரு கை.

"இவன் என் தம்பி" என்றேன்.

பரிமளாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "உன் தம்பியா? அய்யோ, சாமி மாதிரி வந்தியே சிஸ்டர்! நெசமாவே நடந்தாரா? இப்ப எப்டி கீறாரு?"

இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள், சீனு. நான் என்ன சொல்லட்டும்?

"செத்துப்போயிட்டான்" என்றேன். "அந்த ஊசியிலதான்."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் பேச்சை நம்பவில்லை. என் பேச்சை விட உன் படத்தைத்தான் நம்பினாள். அன்றைக்கு அந்தப் படத்தின் மேல் எனக்கு வந்த கோபம், செத்த தம்பியின் மேலேயே வந்த கோபம் மாதிரி இருந்தது.

அந்தப் படம் எப்படி வந்தது என்பது உனக்கும் உன் சிநேகிதன் டேவிட்டுக்கும் நம் வீட்டு ஆட்களுக்கும்தான் தெரியும். ஊருக்குச் சொல்கிறேன், கேட்கட்டும்.

முதல் ஊசி போட்டு வந்த வாரம் உன் பிறந்தநாள். கால் கட்டைவிரல் ஆடுகிறது என்று நீ சொன்னாய். அம்மா சூடம் கொளுத்தினாள். நம் ராயபுரத்தில் பிறந்தநாள் என்றால் பேனர் இல்லாமல் உண்டா? மூன்று வயசுக் குழந்தைக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பின்னால் சிங்கம் போட்டு தெருமுனையில் கட்டுகிற ஊர் இது. உனக்கு மட்டும் ஒரு பேனரும் வைத்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்த படத்தை வைக்க வேண்டாம் என்று நீதான் தடுப்பாய். அந்த வருஷம் டேவிட்டைக் கூப்பிட்டுச் சொன்னாய்: "மாமு, இந்தவாட்டி வைடா. ஆனா நிக்கணும். ஒரே ஒருவாட்டி நின்னுகினு."

பிளெக்ஸ் கடையில் வேலை செய்கிற டேவிட்டுக்கு அது பெரிய காரியமா? நம் வீட்டு வாசலில் உன்னைத் தூக்கி நிறுத்தினார்கள். டேவிட் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இன்னொருவன் குனிந்து முழங்காலைப் பிடித்தான். "டேய், கூசுதுடா கய்தே" என்று நீ கத்திக்கொண்டே சிரிக்கும்போது எடுத்த போட்டோ அது. கடையில் டேவிட் கம்ப்யூட்டரில் அந்தக் கைகளை அழித்தான். விரல் விரலாக அழித்தேன் என்றான். முனையில் பேனர் கட்டினபோது நீ நாற்காலியை அதன் அடியில் நிறுத்தச் சொல்லி, தலையை அண்ணாந்து வெகுநேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பேனரின் கீழே "எங்கள் சீனுவை நிற்க வைத்த தெய்வம்" என்று ஊசி போட்டவன் படத்தையும் போட்டான் டேவிட். நன்றி என்றால் நமக்கு அப்படித்தானே தெரியும்? கவுன்சிலர் தெருவிளக்கு போட்டால் பேனர். வாத்தியார் பாஸ் போட்டால் பேனர். ஊசி போட்டவனுக்கும் பேனர். சந்தோஷத்தில் செய்தது. அவன் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனபோது டேவிட் மூல சி.டி.யையே எடுத்து நீட்டினான். "எங்க தோஸ்துக்கு பெரிய ஆளுங்க விளம்பரம் குடுக்கிறாங்க" என்று மார்தட்டினான்.

கைகளை அழித்தவன் அன்பால் அழித்தான். அழித்தது தெரிந்தும் அதை விற்றவனை என்ன சொல்வது? வாரத்துக்கு வாரம் உன்னைப் பரிசோதித்தவனுக்கு நீ நிற்கமாட்டாய் என்று தெரியாதா?

மூன்றாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை உனக்கு. போன் செய்தேன். "நல்லதும்மா. செல்லு வேலை செய்ய ஆரம்பிச்சா காய்ச்சல் வரும்" என்றான். அந்த வார்த்தையை நம்பி உன்னை வீட்டில் வைத்திருந்தோம். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்று நீ கத்தினபோது அம்மா ஜன்னலில் புடவையைக் கட்டினாள். அரசு ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள், சீழ். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத முடியாது, நீயும் கேட்காதே.

பெரிய காரியம் முடிந்து நான் அவனிடம் போனபோது எழுந்துகூட நிற்கவில்லை. "இந்த வியாதிக்காரங்க எப்படியும் இருபதைத் தாண்ட மாட்டாங்கம்மா. நாங்க முயற்சி பண்ணோம்" என்றான்.

எப்படியும். அந்த ஒரு வார்த்தையை நான்கு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். எப்படியும் சாகப்போகிறவன் என்றால் அவனுக்கு அழுக்கு ஊசி போடலாமா? அந்தச் சாவு கணக்கில் வராதா? என் அப்புவும் அவன் கணக்கில் "எப்படியும்" தானே?

பாதிரியார் மன்னிக்கச் சொன்னார் என்று டேவிட் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னான். அம்மா மீன் அரிகிற கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "அவுரு வூட்டுப் புள்ளைய குட்த்துட்டு மன்னிக்கச் சொல்லுடா. புழல் ஏரித் தண்ணிய வெளியகீந்தே குடிச்சிகினு கீறான் அந்தப் பேமானி. ஜெயிலு உள்ள உக்காந்து குடிக்கணும். அத்த பார்த்துட்டுதான் நான் கண்ண மூடுவேன்." எனக்கும் அதுதான் ஜெபம்.

போன மாதம் டேவிட்டிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அக்கா, கடைக்கு ஒரு ஆர்டர் வந்துகீது. திருவொற்றியூர் கல்யாண மண்டபத்துல இலவச முகாமாம். வாசலுக்குப் பெரிய பேனர். சி.டி.ய போட்டு தொறந்தேன்கா..." மூக்கை உறிஞ்சினான். "நம்ம சீனுதான்கா. சிரிச்சிகினு நிக்கிறான்."

ராயபுரத்தில் பிளெக்ஸ் கடைக்கா பஞ்சம்? அத்தனை கடையை விட்டு உன் நண்பன் கைக்கே வந்து சேர்ந்தாய்.

"ஆர்டர திருப்பிடவா?" என்று கேட்டான்.

"வேண்டாம், அடி" என்றேன். "அவன் கேட்ட அளவுலயே அடி. அந்தப் பழைய போட்டோ உன்கிட்ட இருக்குல்ல? கை அழிக்காதது?"

டேவிட் மெல்லச் சிரித்தான். நீ செத்த பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. "அக்கா, நீ சரியான ஆளுக்கா."

பேனரை அடித்துக் கொடுப்பவர்களேதான் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியும் விடுவார்கள். அதுதான் இங்கே தொழில் வழக்கம். முகாம் அன்று விடிகிற நேரத்தில் டேவிட் கட்டிவிட்டான். மண்டபத்துக் காவலாளி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அதே நீலப் பின்னணி, அதே அளவு. நடுவில் நீ. டேவிட்டின் கை உன் இடுப்பைச் சுற்றி இருக்கிறது, கீழே இன்னொருவன் உன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கிறான். மேலே பெரிய எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". அதன் கீழே "முதுகில் போட்ட ஊசியால் எங்களைப் பிரிந்த சீனு". நம் அஞ்சலி பேனரில் கடைசி வரிசையில் துக்கப்படுகிறவர்களின் தலைகளைச் சின்னச் சின்ன வட்டத்தில் போடுவோமே? அம்மா தலை, என் தலை, டேவிட் தலை. நான்காவது வட்டத்தில் அவன் தலை, கோட்டு சூட்டோடு. "ஆழ்ந்த வருத்தத்துடன்" என்று அதன் அடியில் டேவிட் போட்டிருந்தான். நான் சொல்லாதது அது. அவனாகச் செய்தது.

நீ பார்த்திருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாய்.

ஜனம் வர ஆரம்பித்தது. பொன்னேரியிலிருந்து, முகத்துவாரக்குப்பத்திலிருந்து, எங்கெங்கிருந்தோ ஷேர் ஆட்டோவில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பரிமளாவும் வந்தாள், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப அந்த நோட்டீஸ்ல இந்தக் கை..."

"அழிச்சது" என்றேன். "பிறந்தநாளுக்கு, அவன் ஆசைக்காக. அதைத்தான் இவன் எடுத்து மருந்துன்னு விக்கிறான்."

அவள் மகனை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வெள்ளைக் கார் வந்தது. இறங்கினவன் முதலில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பேனரைப் பார்த்தான். சீனு, அந்த முகத்தை உனக்கு வர்ணிக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். சிரிப்பு உதட்டில் அப்படியே இருக்க, கண் மட்டும் தன் வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. கன்னம் தொங்கிவிட்டது. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக நான்கு வருஷம் காத்திருந்தது வீணில்லை.

என்னை அடையாளம் கண்டுகொண்டான். ஓரமாக வந்து, தாழ்ந்த குரலில், "இதெல்லாம் எதுக்கும்மா? உங்க துக்கம் எனக்குப் புரியுது" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்புவைக் குனிந்து பார்த்தான். கெண்டைக்காலைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பேரைப் பார்த்த கண்!

"பையனுக்கும் இருக்கா? சின்ன வயசுதான், நல்லா கேக்கும். நான் இலவசமா செஞ்சு தரேன். ஒரு பைசா வேண்டாம். அந்த பேனரை மட்டும் இறக்கிடச் சொல்லுங்க."

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? ஒரு நொடி என் மனம் சபலப்பட்டது. "நல்லா கேக்கும்" என்ற சொல் காதில் விழுந்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தாய்க்கு அந்தச் சொல் எப்படி இனிக்கும் என்று தெரிந்துதான் அவன் அதைச் சொன்னான். அது தெரிந்தபோதுதான் எனக்கு வெறி வந்தது.

"எதைப் போடுவீங்க? யார் உடம்பிலேருந்து எடுத்தது? யார் அனுமதி கொடுத்தாங்க? எந்தக் கமிட்டி பார்த்தது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அவன் குரலும் மாறிவிட்டது. "வழிகாட்டு விதிதான் இருக்கு, தடைச் சட்டம் எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். காசிமேட்டு மீன் சந்தையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு. "சட்டமா கேக்குற?" என்றாள். "என் மீன் தராசுல முத்திரை பழசாயிடுச்சின்னு வந்து ஃபைன் போட்டான். அரைக் கிலோ சங்கராவுக்கு முத்திரை கேக்குற ஊர்ல என் புள்ள முதுகுல குத்துன ஊசிக்கு முத்திரை இல்லியாடா, சோமாறி?" கேட்டுவிட்டு, கூடையிலிருந்த மீன் கழுவின தண்ணீரை அந்த வெள்ளைக் காரின் மேல் முழுக்கக் கொட்டினாள். நிதானமாகக் கொட்டினாள், செடிக்கு ஊற்றுவது போல. "நாறு. இன்னிக்காவது நாறு."

கூட்டம் கலைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கலையவில்லை. பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர் பேனருக்கு அடியிலேயே நுழைந்து உள்ளே போனார்கள். ஒரு தகப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்: "வேற எங்கம்மா போறது?" அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மருந்து ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் வரைக்கும் அதன் பெயரைச் சொல்லிக் கெட்ட மருந்து அவன் வாசலுக்கே வரும். பரிமளா உள்ளே போகவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு புளியந்தோப்பு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.

மத்தியானம் போலீஸ் வந்தது. யாரைப் பிடிக்க என்று நினைக்கிறாய்? டேவிட்டை. அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பேனர் வைத்த குற்றம்! மீன் தராசுக்கு முத்திரை வேண்டும், செத்தவனுக்கு அஞ்சலி சொல்லவும் அனுமதி வேண்டும். ஊசி ஒன்றுதான் இந்த ஊரில் சுதந்திரமாகத் திரிகிறது.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த டேவிட் என்னைப் பார்த்ததும், "அக்கா, பிரிண்ட் செம கிளியரா வந்துச்சில்ல?" என்றான். கடையில் வேலை போய்விட்டது என்பதைப் பிறகுதான் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருக்க வேண்டும், அப்புவுக்கு பிஸ்கட் வாங்கிவரச் சொன்னார். என் புகாரை முழுக்கக் கேட்டார். "ஒரு பையன் செத்தான்னா விதிம்பான், வியாதிம்பான் அவன் வக்கீல். அதே ஊசி, அதே காய்ச்சல்னு இன்னும் நாலு வீட்டுக்காரங்க வந்து உக்காரட்டும். அப்புறம் விதின்னு எப்படிச் சொல்றான்னு நான் பாக்கிறேன். ஆளுங்களக் கூட்டிட்டு வாம்மா."

ஆளைத் தேடி எங்கே போவேன் என்று மலைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்துக் கதவு தட்டுகிற சத்தம். பரிமளா. பின்னால், அவள் விசாரித்துக் கூட்டி வந்த வயசான ஒரு தம்பதி. அவர்களுடைய பேரனுக்கும் அதே இடத்தில்தான் ஊசி, அதே காய்ச்சல், "செல்லு வேலை செய்யுது" என்ற அதே பதில், அதே சாவு. அந்தப் பாட்டி சுவரில் மாலை போட்டிருந்த உன் படத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பரிமளா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அன்னிக்கு நான் உன்னை நம்பல சிஸ்டர். தப்பா நெனச்சுக்காத. என் புள்ள நிக்கணும்னு எனக்கும் ஆசை கீதுல்ல?"

நம் வீட்டையும் சேர்த்து இரண்டு வீடு ஆயிற்று. எனக்கு இன்னும் வேண்டும்.

சீனு, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் மருமகன் முதுகை அவன் தொட மாட்டான், அவனைப் போன்ற எவனும் தொட மாட்டான். நிஜ மருந்து ஒருநாள் வந்தால், காகிதத்தைத் தமிழில் கேட்டு, வரி வரியாகப் படித்து, டாக்டரம்மாவிடம் சண்டை போட்டாவது அப்புவை முதல் வரிசையில் நிறுத்துவேன். அதுவரை அவன் தரையிலிருந்து எழும்போதெல்லாம் என் கை அவன் இடுப்பில் இருக்கும். எந்தப் படத்திலும் அந்தக் கையை யாரும் அழிக்க விடமாட்டேன். உன்னைக் கொன்றவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அவன் புழலுக்குள் நுழைகிற அன்று முனையில் உனக்கு ஒரு பேனர் வைப்பேன். கறுப்புக் கண்ணாடி, சிவப்புச் சட்டை, பின்னால் சிங்கம். அதற்கு மட்டும் முறையாக அனுமதி வாங்கிவிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது அந்த ஊசிக்குப் போயிருந்தால், காய்ச்சல் வந்திருந்தால், "எப்படியும்" என்ற சொல்லை நீங்களும் கேட்டிருந்தால், இந்தப் பத்திரிகைக்கே எனக்கு நாலு வரி எழுதுங்கள். பெயர் போட பயமாக இருந்தால் போட வேண்டாம். ஆனால் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உன் அக்கா,
அப்புவின் அம்மா,
தேவி